மாட்டின் முழங்கால் எங்கே?

கிறிஸ்து பிறப்பு விழாவுக்குக் குடில் கட்டும் பணி நம் இல்லங்களில் சிறுவர்களுக்கே உரியது. வைக்கோலும் மூங்கில் குச்சியும் பழைய சாக்கும் எடுத்துக் கொடுப்பதோடு பெரியவர்களின் பங்கு முடிந்துவிடும். சென்ற ஆண்டு நம் வீட்டுச் சிறுவன், கடையில் விற்கும் பொம்மைகள் வேண்டா என்று கூறி, குளத்துக் களிமண்ணைப் பிசைந்து மாடு, ஆடு, கழுதை, ஒட்டகம் யாவற்றையும் தானே செய்ய முற்பட்டான். முதலில் மாடு உருவாயிற்று. கொம்பு இருந்தது, திமில் இருந்தது, ஆனால் பின்கால்கள் நம் மேசையின் கால்களைப்போல் நேராக நின்றன. எங்கோ பிழை இருப்பதை உணர்ந்த சிறுவன், அடுத்த வீட்டுத் தொழுவத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து கேட்டான்:

"தாத்தா, நமக்கு முழங்கால் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. மாட்டுக்கு மட்டும் ஏன் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது?"

"ஆண்டவர் அதனை அப்படிப் படைத்தார்" என்று சொல்லிவிட்டு நாம் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டோம். சொன்னது தவறன்று, ஆனால் கேட்டதற்கு அது விடையாகாது என்பது நமக்கே தெரிந்திருந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த, பணி ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவரிடம் இதனைச் சொன்னோம். அவர் சிரித்தார். "ஐயா, பையன் காட்டியது முழங்காலே அன்று, அது மாட்டின் குதிகால். ஐயமிருந்தால் இன்று வீட்டில் ஆட்டின் பின்கால் ஒன்றை முழுதாக வாங்கி வைக்கச் சொல்லுங்கள். சட்டி ஏறுவதற்குள் வந்து காட்டுகிறேன்" என்றார்.

சொன்னபடியே வந்தார். ஒரு முறத்தின்மேல் தொடை முதல் குளம்பு வரை அறுபடாத ஆட்டுக்கால் ஒன்று கிடந்தது. சிறுவனைத் தம் அருகில் நிற்கச் சொல்லி, ஆட்டின் காலில் தாம் தொடும் ஒவ்வோர் இடத்தையும் அவன் தன் காலிலும் தொட்டுக்கொண்டே வரவேண்டும் என்றார். முதலில் தொடை எலும்பு. நமக்கு இருப்பதுபோலவே மேலே உருண்டையான தலை. அதன் கீழ் முனையில், தசைக்குள் புதைந்து, வட்டமான ஒரு சிறு எலும்பு. அதுவே முழங்கால் சில்லு. ஆகவே ஆட்டின் உண்மையான முழங்கால் வயிற்றை ஒட்டி உயரத்தில் இருக்கிறது. நம்முடையதைப் போலவே முன்னோக்கி இருக்கிறது. தோலும் தசையும் மூடியிருப்பதால் நம் கண்ணுக்குப் படுவதில்லை. அதற்குக் கீழே நம் கெண்டைக்காலுக்குரிய எலும்பு. அது முடியும் இடத்தில் பின்பக்கமாக ஒரு முனை நீண்டு நிற்கிறது. தடித்த தசைநாண் ஒன்று மேலிருந்து வந்து அதனைப் பற்றியிருக்கிறது. சிறுவன் தன் காலைத் தடவிக்கொண்டே வந்தான். அவன் கை குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணில் போய் நின்றது. "அப்படியானால் இதற்குக் கீழே உள்ளது எல்லாம்?" என்று கேட்டான். "பாதம், தம்பி. ஆடு பாதத்தை நிமிர்த்திக்கொண்டு விரல் நுனியில் நிற்கிறது" என்றார் மருத்துவர்.

குதிகாலுக்குக் கீழே நீண்டு செல்லும் ஒற்றை எலும்பையும் அவர் காட்டினார். நம் பாதத்தில் விரல்களுக்குப் பின்னே ஐந்து நீண்ட எலும்புகள் உள்ளன அல்லவா? ஆட்டிலும் மாட்டிலும் அவற்றுள் நடுவிலுள்ள இரண்டு மட்டும் பெரிதாக வளர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. முன்பக்கம் ஓடும் மெல்லிய பள்ளமே ஒட்டிய இடத்தின் அடையாளம். கீழ் முனையில் அது மீண்டும் இரண்டாகப் பிரிந்து இரு விரல்களைத் தாங்குகிறது. குளம்பு என்பது விரலின் நகமேயாகும்.

முன்காலும் இவ்வாறே. மாட்டின் முன்கால் முட்டி என்று நாம் வழங்குவது அதன் மணிக்கட்டு. முழங்கையோ மார்பை ஒட்டி மேலே இருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக ஆட்டுக்கால் சூப் என்று நாம் விரும்பி அருந்தியதில் கால் என்பதே இல்லை. எல்லாம் உள்ளங்கையும் பாதமும் விரல்களுமே. மருமகள் இதனைக் கேட்டு, "இனி ஆட்டு விரல் சூப் என்றே சொல்லட்டுமா, மாமா?" என்றாள்.

நடந்து திரியும் பாலூட்டிகள் அனைத்துக்கும் கால் எலும்புகளின் வரிசை ஒன்றே. பாதத்தின் எந்தப் பகுதி நிலத்தைத் தொடுகிறது என்பதில்தான் பெரிய வேறுபாடு. மனிதனும் கரடியும் உள்ளங்கால் முழுவதையும் ஊன்றி நடப்பவர்கள். காட்டில் கரடியின் பின்கால் தடத்தைக் கண்டவர் மனிதத் தடம் என்று மயங்குவது இதனாலேயே. நாயும் பூனையும் விரல்களை மட்டும் ஊன்றுகின்றன. குதிகால் அந்தரத்தில் நிற்கும். நாய் உட்காரும்போது பாருங்கள்: அப்போதுதான் அதன் குதிகால் தரையில் படும். ஆடு, மாடு, குதிரை ஆகியவை நக நுனியில் நிற்பவை.

இங்கே நாயின் முன்காலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நம் கை, தோளில் காறை எலும்பின் வழியாக உடலோடு பிணைந்துள்ளது. நாய்க்கும் பூனைக்கும் அந்த எலும்பு பெயரளவுக்கே உண்டு. மாட்டுக்கும் குதிரைக்கும் அதுவும் இல்லை. அவற்றின் முன்கால்களுக்கும் முதுகெலும்புக்கும் இடையே எலும்பு மூட்டு எதுவுமில்லை. உடலின் முன்பகுதி தசைகளாலான தூளியில் தொங்குவதுபோல் இரு கால்களுக்கிடையே தொங்குகிறது. எடையில் பாதிக்கு மேற்பட்டதை முன்கால்களே தாங்குவதால், குதித்து இறங்கும் அதிர்ச்சியை இத்தூளி வாங்கிக்கொள்கிறது. பக்கவாட்டில் இழுப்பதற்கோ, முழு உடலையும் அதில் தூக்குவதற்கோ அது ஏற்பட்டதன்று. நாய்க்குட்டியையும் ஆட்டுக்குட்டியையும் முன்காலைப் பற்றித் தூக்கும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் உண்டு, பெரியவர்களிடமும் உண்டு. மார்புக்கடியில் ஒரு கையும் பின்புறத்தில் ஒரு கையும் கொடுத்துத் தூக்கச் சொல்லுங்கள்.

விரல் நுனியில் ஓடுவது அத்தனை சிறப்பென்றால் மனிதனுக்கு மட்டும் குதிகால் ஏன் தரையிலேயே கிடக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார் ஆட்களை நடக்கவைத்து அவர்கள் செலவிடும் ஆற்றலை அளந்தனர். குதிகாலை உயர்த்தி முன்பாதத்தில் நடந்தபோது, வழக்கமான நடையைவிட 53 விழுக்காடு மிகுதியான ஆற்றல் செலவாயிற்று. ஓட்டத்தில் இந்த வேறுபாடு காணப்படவில்லை. நெடுந்தொலைவு நடந்தே பிழைக்க வேண்டியவனுக்குக் குதிகால் ஒரு சேமிப்பு. 26 எலும்புகள் கொண்டது நம் ஒரு பாதம், இரண்டிலுமாக 52. உடலிலுள்ள 206 எலும்புகளில் நான்கில் ஒரு பங்கு செருப்புக்குள் கிடக்கிறது.

மாட்டுக்கு வருவோம். ஒவ்வொரு காலிலும் அது ஊன்றுவது இரண்டு விரல்களை. பின்னால் உயரத்தில் தொங்கும் இரண்டு சிறு குளம்புகள் மற்ற இரு விரல்களின் எச்சம். நடக்கும்போது இவ்விரு குளம்புகளும் தனித்தனியே அசைய வேண்டும். அதனால்தான் குதிரைக்கு லாடம் ஒரே வளையமாகவும், வண்டி மாட்டுக்கு ஒரு காலுக்கு இரண்டு தகடுகளாகவும் அடிக்கிறார்கள். நான்கு கால்களுக்கும் எட்டு. குதிரை மூன்று காலில் நின்றுகொண்டு நான்காவதைக் கொல்லனிடம் கொடுக்கும். மாட்டைக் கயிறிட்டுச் சாய்த்துக் கால்களைக் கட்டித்தான் நம் ஊர்களில் லாடம் அடிப்பார்கள். சாலையோரப் புளியமரத்தடியில் இக்காட்சியைக் கண்ட தலைமுறையினர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

மாடு எழும் முறையும் குதிரையினின்று வேறு. குதிரை முன்கால்களை நீட்டி ஊன்றி முன்பகுதியை முதலில் தூக்கும். மாடோ, முன்கால் மணிக்கட்டுகளை மடித்து ஊன்றிக்கொண்டு, தலையை முன்னே வீசி, பின்பகுதியை முதலில் எழுப்பும். தலையை வீச முன்னால் இடம் வேண்டும். தொழுவத்தில் இடநெருக்கடியால் சுவரை ஒட்டிக் குறுகிய கயிற்றில் கட்டிவிட்டால், அம்மாடு எழுவதற்குத் திணறும். எழுவது துன்பமானால் படுப்பதையும் தவிர்க்கும். மணிக்கணக்காக நின்று நின்று குளம்பு கெடும். சிமெண்டுத் தரையாயின் மணிக்கட்டுத் தோலும் தேயும். பால் குறைந்ததென்று தீவனக்காரரை நோகும் முன் கயிற்றின் நீளத்தைப் பார்ப்பது நல்லது என்றார் நம் மருத்துவர்.

இரு குளம்புகளுக்கும் நடுவிலுள்ள பிளவு மென்மையான தோல். கோமாரி நோய் வாயிலும் நாவிலும் கொப்புளம் எழுப்புவதுபோல் இப்பிளவிலும் எழுப்பும். மாடு, எருமை, ஆடு, பன்றி ஆகிய பிளவுபட்ட குளம்புடையவற்றை அது தாக்கும். ஒற்றைக் குளம்புடைய குதிரையையும் கழுதையையும் தாக்காது. கண்ணுக்குத் தெரியாத நச்சுயிரி ஒன்றே இதற்குக் காரணம் என்று ஜெர்மானிய அறிஞர்களான லோஃப்லரும் ஃப்ரோஷும் 1898இல் காட்டினர். விலங்கு நோய்க்கு நச்சுயிரி காரணமென முதன்முதல் தெரியவந்தது இந்நோயில்தான். நொண்டும் மாட்டின் பிளவை விரித்துப் பார்த்துக் கழுவுவதும், ஆறு திங்களுக்கு ஒருமுறை தடுப்பூசி போடுவதும் மறக்கத் தகாதவை.

குதிரையின் கால் வேறொரு வியப்பு. அது ஊன்றி நிற்பது ஒவ்வொரு காலிலும் ஒரே விரலை. அதாவது நம் நடுவிரலை. அதன் இரு பக்கமும் ஒட்டியுள்ள ஊசிபோன்ற மெல்லிய எலும்புகள் பக்கத்து விரல்களுக்குரிய எலும்புகளின் எச்சம். சுமார் 5½ கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அதன் முன்னோர்க்கு முன்காலில் நான்கு விரல்களும் பின்காலில் மூன்று விரல்களும் இருந்தன என்பதைப் பாறைகளில் கிடைத்த எலும்புகள் காட்டுகின்றன. இக்காலக் குதிரைக்கு மணிக்கட்டுக்கும் குதிகாலுக்கும் கீழே தசை என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. எலும்பும் தசைநாணும் தோலுமே. கனமான தசைகள் யாவும் மேலே உடலை ஒட்டி இருக்க, கீழ்க்கால் இலேசாகிவிட்டது. வீசுவதற்கு எளிது, தசைநாண்கள் வில்லைப்போல் இழுபட்டு மீள்வதால் ஓட்டத்தில் ஆற்றலும் மிஞ்சுகிறது. பின்காலின் முழங்கால் சில்லைப் பூட்டிக்கொண்டு நின்றபடியே கண்ணயரவும் அதனால் முடியும்.

ஆனால் இந்த இலேசுக்குக் கொடுக்கும் விலை பெரிது. 2006ஆம் ஆண்டு மே திங்களில் அமெரிக்காவின் புகழ்பெற்ற கென்டக்கி பந்தயத்தில் வென்ற பார்பரோ என்னும் குதிரை, இரு வாரம் கழித்து மற்றொரு பந்தயத்தின் தொடக்கத்திலேயே வலப் பின்கால் எலும்பு பல துண்டுகளாக நொறுங்கி நின்றுவிட்டது. மனிதனாயின் கட்டிலில் படுக்கவைத்துக் காலைத் தூக்கிக் கட்டியிருப்பார்கள். குதிரை நாட்கணக்காகப் படுத்திருந்தால் அதன் எடையே நுரையீரலையும் தசைகளையும் நசுக்கிவிடும். ஆகவே நின்றே தீர வேண்டும். பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் உலோகத் தகடும் திருகாணிகளும் வைத்து எலும்பைச் சேர்த்தனர். முறிந்த கால் ஆறிவந்தது. கெட்டது நல்ல கால்! குளம்பின் சுவருக்கும் உள்ளிருக்கும் எலும்புக்கும் இடையே நூலின் ஏடுகள்போல் மெல்லிய திசு மடிப்புகள் பல நூறு உள்ளன. குதிரையின் எடை முழுவதும் அவற்றில் தொங்குகிறது. வலக்காலைக் காக்க இடக்காலிலேயே சாய்ந்து சாய்ந்து நின்றதில், இடக்குளம்பின் அம்மடிப்புகள் அழன்று அழிந்தன. பின்னர் முன்கால் குளம்புகளுக்கும் அந்நோய் பரவிற்று. எட்டுத் திங்கள் போராட்டத்துக்குப் பின், 2007ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள் அதனை வலியின்றி மரிக்கச் செய்தார்கள். கால் முறிந்த குதிரையைச் சுட்டுவிடுவார்கள் என்று கதைகளில் படித்து, அதனை மனிதரின் கல்நெஞ்சம் என்றே நாம் எண்ணியிருந்தோம். பணத்துக்கோ மருத்துவத் திறமைக்கோ குறைவில்லாத இடத்திலும் முடிவு இப்படியே ஆயிற்று என்பதை அறிந்தபின் நம் எண்ணம் சற்று மாறியிருக்கிறது.

எலும்புக்கூட்டில் மட்டும் உண்மையைக் காட்டி, வெளித்தோற்றத்தில் ஏமாற்றுவது யானையின் பாதம். பார்வைக்கு உரல்போல் தட்டையாக இருப்பதால் அது உள்ளங்கால் ஊன்றி நடக்கிறது என்றே தோன்றும். உள்ளேயோ ஐந்து விரல்களின் எலும்புகள் சரிந்து நிற்கின்றன. யானை ஏறக்குறைய விரல் நுனியில் நிற்கிறது. விரல்களுக்குப் பின்னே கொழுப்பும் நாரும் கலந்த ஒரு பெரிய மெத்தை அடைத்திருக்கிறது. உயர்ந்த குதியுள்ள காலணி அணிந்தவரின் பாதத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். ஊன்றும்போது மெத்தை விரியும்; தூக்கும்போது சுருங்கும்.

1706இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரருகே இறந்த யானை ஒன்றைப் பேட்ரிக் பிளேர் என்னும் மருத்துவர் அறுத்துப் பார்த்து, அதற்கு ஆறாவது விரல் ஒன்று இருப்பதுபோல் எழுதிவைத்தார். மூன்று நூற்றாண்டுகள் அது வெறும் குருத்தெலும்புக் கட்டி என்றே பலரும் கருதி வந்தனர். 2011இல் லண்டனிலுள்ள அரச கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஜான் ஹட்சின்சனும் அவர்தம் குழுவினரும், மெத்தைக்குள் சாய்ந்து நிற்கும் அந்த எலும்பு விரலைப்போலவே எடை தாங்குகிறது என்று நிறுவினர்.

யானைக்குக் காலில் மூட்டே இல்லை, மரத்தில் சாய்ந்தே உறங்கும் என்ற கதை ஐரோப்பாவில் நெடுங்காலம் உலவியது. அரிஸ்டாட்டிலோ, கிறிஸ்துவுக்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே அதனை மறுத்து, யானை தன் பின்காலை மனிதனைப் போலவே மடக்குகிறது என்று எழுதினார். அவர் கண்டது சரியே. யானையின் தொடை எலும்பு நீளமானது, பாதம் குட்டையானது. ஆதலால் மாட்டில் வயிற்றருகே மறைந்திருக்கும் முழங்கால், யானையில் வெளிப்படையாகக் கீழே தெரிகிறது. யானை பின்கால்களை மடித்து மண்டியிடுவதைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. இத்தூண் கால்களால் அது குதிக்க மாட்டாது. தாய்லாந்தில் யானைகளை விரட்டி அளந்தபோது மணிக்கு ஏறத்தாழ 24 கிலோமீட்டர் வேகத்திலும் நான்கு பாதங்களும் ஒருசேரத் தரையை விட்டு எழவில்லை.

காட்டு யானை நாள்தோறும் மண்ணில் நெடுந்தொலைவு நடக்கும்; நகமும் உள்ளங்கால் தோலும் தாமே தேய்ந்து சீர்ப்படும். கருங்கல் தளத்திலோ சிமெண்டுத் தரையிலோ சங்கிலியில் நிற்கும் யானைக்கு அத்தேய்மானம் இல்லை. தன் சிறுநீரின் ஈரத்திலேயே நின்று தோல் ஊறி வெடிக்கும். நகம் பிளந்து சீழ் வைக்கும். சீழ் எலும்பை எட்டினால் மருந்து பயன்படுவது அரிது. வளர்ப்பு யானைகளின் உயிரைக் குடிப்பவற்றுள் பாத நோயும் மூட்டு நோயும் முன்னணியில் நிற்பதாகக் கால்நடை மருத்துவர்கள் கூறுகின்றனர். ஊர்வலத்தில் யானையைக் காணும் நாம் தந்தத்தையும் முகபடாத்தையும் பார்த்துக் கைகூப்பிவிட்டு வருகிறோம். இனி ஒருமுறை குனிந்து நகத்தையும் பாருங்கள். எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு ஓயாமல் மாற்றிக்கொண்டே நிற்கிறதா என்றும் பாருங்கள். அதனை ஆட்டம் என்று எண்ணிப் பிள்ளைகள் கைதட்டுவதை நாம் கண்டிருக்கிறோம். அது பாத வலியாகவும் இருக்கலாம். கட்டுண்டு நிற்பதன் சலிப்பாகவும் இருக்கலாம்.

குடிலுக்குத் திரும்புவோம். மருத்துவர் போனபின் சிறுவன் பழைய மாட்டைப் பிசைந்து கலைத்துவிட்டுப் புதிதாக ஒன்று செய்தான். முழங்காலை வயிற்றோடு சேர்த்தான். குதிகாலைப் பின்னே நீட்டினான். அந்த இடத்தில் களிமண் எடை தாங்காமல் இருமுறை முறிந்தது. ஈர்க்குச்சி வைத்தும் பயனில்லை. இறுதியில் முன்கால் மணிக்கட்டுகளை மடித்துப் படுத்திருக்கும் மாடாகவே அதனைச் செய்து முடித்தான்.

ஒட்டகம் எஞ்சியிருந்தது. அதற்கு எத்தனை குளம்பு என்று கேட்டான். அசைபோடும் விலங்காயினும் விரிகுளம்பு இல்லாதது என்று லேவியர் நூலின் 11ஆம் அதிகாரம் ஒட்டகத்தைத் தனியே பிரித்துச் சொல்வது நம் நினைவுக்கு வந்தது. ஒட்டகத்துக்கும் விரல்கள் இரண்டே; ஆனால் மாட்டைப்போல் அவை குளம்பில் முடிவதில்லை. முன்னே இரண்டு நகங்கள் மட்டும் தெரிய, அடியில் அகன்ற மெத்தை ஒன்று இரண்டு விரல்களையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. மணலில் புதையாமல் நடப்பது அதனால்தான். இதனைச் சொன்னதும் சிறுவன் நான்கு களிமண் உருண்டைகளை உள்ளங்கையில் தட்டி அப்பளம்போல் பரப்பினான். ஒவ்வொன்றின் முன்விளிம்பிலும் இரண்டு அரிசியைப் பதித்தான். ஒட்டகம் மட்டும் விழா முடியும் வரை விழாமல் நின்றது.